ரைன் நதி அகதிகள் – பகுதி 7: பிளாக்ஹீத் கூடாரங்கள்

சென்ற வாரம் ஹைடல்பெர்க் கோட்டையின் இடிபாடுகளில் நிறுத்தியிருந்தோம். 1689-இல் பதினான்காம் லூயியின் படைகள் மன்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் நகரங்களைக் கொளுத்தின. 1693-இல் திரும்பி வந்து, மிஞ்சிக் கிடந்த ஹைடல்பெர்க்கையும் அழித்தன.

ரைன் நதியின் இரு கரையிலும் சிதறிக் கிடந்த அந்த நாட்டுக்கு ஜெர்மன் மொழியில் ஃபால்ட்ஸ் என்று பெயர். உள்ளூர்ப் பேச்சில் பால்ஸ். ஆங்கிலத்தில் பாலட்டினேட், அந்நாட்டவர் பாலட்டைன். ரோமாபுரியில் பேரரசர்களின் மாளிகை இருந்த பாலட்டைன் குன்றிலிருந்து இறங்கி வந்த சொல் இது என்று தொடரின் முதல் வாரத்தில் பார்த்தோம். 1356-ஆம் ஆண்டின் பொன் முத்திரைச் சாசனம், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவராக இந்நாட்டின் ஆட்சியாளரை உறுதிசெய்தது.

இங்கிலாந்திலும் அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. டர்ஹம் பிஷப்புக்குத் தம் எல்லைக்குள் மன்னருக்குரிய அதிகாரங்கள் பல இருந்தன. அத்தகைய பகுதிகளைப் பாலட்டைன் மாவட்டங்கள் என்றே ஆங்கிலேய வழக்கறிஞர்கள் எழுதினார்கள். ஆக, 1709 வசந்தம் வரை ஆங்கிலக் காதுக்கு அது மாளிகையின் சொல், மகுடத்தின் சொல்.

அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் தெருவில் ஒருவரிடம் பாலட்டைன் யார் என்று கேட்டிருந்தால், பிளாக்ஹீத் திடலில் கிழிந்த துணியோடு ரொட்டிக்கு வரிசையில் நிற்பவரைக் கைகாட்டியிருப்பார். சில மாதங்களில் ஒரு சொல் இவ்வளவு தூரம் இறங்கியது எப்படி?

உறைந்த திராட்சைக் கொடிகள்

முதல் காரணம் வானிலை.

1709 ஜனவரி முதல் வாரத்தில் ஐரோப்பா முழுவதும் ஒரே இரவில் குளிர் இறங்கியது. அந்தக் கண்டம் அதற்கு முன்னும் பின்னும் அதுபோன்ற குளிரை அதிகம் கண்டதில்லை. ரைன் உறைந்தது. பறவைகள் பறந்தபடியே விறைத்து விழுந்ததாக அன்றைய மக்கள் எழுதி வைத்தார்கள். கால்நடைகள் தொழுவத்திலேயே செத்தன.

ரைன் கரை உழவருக்கு அதைவிடப் பெரிய அடி, திராட்சைக் கொடிகள் வேரோடு பட்டுப்போனது. நெல்லோ கோதுமையோ என்றால் ஒரு போகம் போனாலும் அடுத்த போகம் உண்டு. திராட்சைக் கொடியை மறுபடி நட்டால் ஒழுங்காகக் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை எதை விற்பது, எதைத் தின்பது, வரியை எங்கிருந்து கட்டுவது?

அந்த வரியும் சாதாரணமானதல்ல. ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1707-இல் பிரெஞ்சுத் தளபதி வில்லார் ரைனைக் கடந்து வந்து, தென்மேற்கு ஜெர்மனியில் ஊர் ஊராகப் பணம் பறித்துப் போயிருந்தார். தன் நாட்டுப் படை வந்தாலும் பகைவர் படை வந்தாலும் குதிரைக்கு வைக்கோலும் வீரனுக்குச் சோறும் குடியானவன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். இதை நாற்பது ஆண்டாகச் செய்து ஓய்ந்த மக்கள் மீதுதான் அந்தக் குளிர் விழுந்தது.

பொன் எழுத்துப் புத்தகம்

வறுமை மட்டும் மனிதரைக் கடல் கடக்க வைத்துவிடாது. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை ஒரு சிறு புத்தகம் தந்தது.

எழுதியவர் யோசுவா கோகர்தால் என்ற லூத்தரன் போதகர். அமெரிக்காவின் கரோலினா பகுதியின் வளத்தை விவரித்து 1706-இல் அவர் வெளியிட்ட நூல், அடுத்த மூன்றாண்டில் பல பதிப்புகள் கண்டது. எழுதும்போது அவர் கரோலினாவைப் பார்த்ததே இல்லை. முகப்பில் இங்கிலாந்து ராணி ஆன் அவர்களின் படமும், பொன் எழுத்தில் தலைப்பும் இருந்தன. அதனால் மக்கள் அதைப் பொன் புத்தகம் என்றே அழைத்தார்கள். ராணியின் படம் இருக்கிறதென்றால் அழைப்பவர் ராணிதானே என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் நினைத்துக்கொண்டார்.

இதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. 1708-இல் கோகர்தால் தாமே ஒரு சிறு குழுவை லண்டனுக்கு அழைத்துப் போனார். ராணியின் அரசு அவர்களுக்கு உதவித்தொகை தந்து, குடியுரிமை தந்து, நியூயார்க்குக்கு இலவசமாகக் கப்பலேற்றியது. அந்தச் செய்தி ரைன் கரைக்குத் திரும்பி வந்தது. புத்தகம் சொன்னது மெய்தான் என்று ஆகிவிட்டது.

1709 மார்ச்சில் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டுப் புராட்டஸ்டண்டு ஒருவர் உறுதிமொழி எடுத்து, தேவாலயத்தில் திருவிருந்தில் பங்குகொண்டு, ஒரு ஷில்லிங் கட்டினால் குடியுரிமை. ஆட்சியிலிருந்த விக் கட்சியினரின் கணக்கு இது: மக்கள்தொகைதான் நாட்டின் செல்வம், உழைக்கத் தெரிந்தவர்கள் வரட்டும். இருபது ஆண்டுக்கு முன் பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட ஹியூகனாட் நெசவாளர்களும் கடிகாரக் கைவினைஞர்களும் வந்து தொழில் வளர்த்ததை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அதேபோன்றவர்கள்தான் மறுபடியும் வருவார்கள் என்று எண்ணினார்கள்.

படகுகள் ரைனில் இறங்கின. வழிநெடுகச் சுங்கச் சாவடிகள். ராட்டர்டாம் போய்ச் சேர நான்கு முதல் ஆறு வாரம். அங்கே கடல்கரை அணைகளின் ஓரத்தில் நாணல் வேய்ந்த குடிசைகளில் காத்திருந்தார்கள். ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ கோமகனின் படைகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஆங்கிலக் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன.

மே தொடங்கி அக்டோபர் முடிவதற்குள் லண்டனில் வந்திறங்கியவர்கள் ஏறத்தாழ 13,000 பேர்.

பட்டியலில் இல்லாத கட்டம்

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இந்தத் தொடரின் மையமே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வந்தவர்களைக் கணக்கெடுக்க இரண்டு ஜெர்மன் போதகர்கள் அமர்த்தப்பட்டார்கள்: யான் திரிபெக்கோ, கேயார்க் ருபெர்த்தி. மே, ஜூன் மாதங்களில் வந்த 6,520 பேரை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், வயது, மனைவி உண்டா, மகன்களின் வயது, மகள்களின் வயது, சமயம், தொழில். உழவர், திராட்சைத் தோட்டக்காரர், தச்சர், ரொட்டி சுடுபவர், நெசவாளர், கொல்லர் என்று தாளுக்குத் தாள் நீள்கிறது.

எந்த ஊர் என்ற கட்டம் அதில் இல்லை.

ஏன் இல்லை? எல்லாரும் எங்கிருந்து வந்தவர்கள் என்று முன்பே முடிவாகிவிட்டிருந்தது. அவர்கள் ஏழைப் பாலட்டைன்கள். லண்டன் அவர்களுக்கு வைத்த பெயர் அது.

உண்மை வேறு. பாலட்டினேட்டைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஐயமில்லை. அவர்களோடு ஹெஸ்ஸ நாட்டவர், நசாவ் நாட்டவர், வூர்ட்டம்பெர்க், பாடன், அல்சாஸ் மக்கள், ட்ரியர், மைன்ஸ் பேராயர்களின் குடிகள் எல்லாம் கலந்திருந்தார்கள். வேறு வேறு ஆட்சியாளர், வேறு வேறு வழக்குமொழி. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக எல்லைச் சுங்கம் கட்டிப் பழகியவர்கள். தங்களை ஒரே மக்களாக அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜோன்ஸ், நியூயார்க் சென்ற 847 குடும்பங்களின் வேரை ஜெர்மன் கிராமத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பல ஆண்டு தேடி 1985-இல் நூலாக்கினார். லண்டனில் ஒரு கட்டத்தை விட்டதற்குப் பின்னால் வந்தவர்கள் தந்த உழைப்பு அது.

சமயத்திலும் லண்டன் நினைத்தது ஒன்று, வந்தவர்கள் வேறு. பட்டியலில் இடம்பெற்றவர்களில் கத்தோலிக்கர் மட்டும் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினார்கள்.

அந்தப் பெயர் மட்டும் ஏன்?

ஹெஸ்ஸக்காரர்கள் என்றோ, வெறுமனே ஜெர்மானியர் என்றோ லண்டன் அவர்களை அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. காரணம், பாலட்டினேட் என்ற பெயர் மட்டுமே ஆங்கிலேயர் மனத்தில் ஏற்கெனவே ஒரு புண்ணாக இருந்தது.

இந்தத் தொடரின் மூன்றாம் வாரத்தில் பார்த்த எலிசபெத்தை நினைவிருக்கிறதா? முதலாம் ஜேம்ஸ் மன்னரின் மகள். 1613-இல் பாலட்டினேட் இளவரசர் ஐந்தாம் பிரெடெரிக்கை மணந்தவர். கணவர் பொகீமியாவின் மகுடத்தை ஏற்றதும், 1620 நவம்பரில் வெண்மலைப் போரில் தோற்றதும், நாட்டையும் இழந்து நாடோடியானதும் ஆங்கில வீடுகளில் கண்ணீரோடு பேசப்பட்ட கதைகள். நாடு பறிபோன பாலட்டினேட் போதகர்களுக்காக இங்கிலாந்தின் தேவாலயங்களில் உண்டியல் சுற்றியது.

ராணி ஆனுக்கு அந்த எலிசபெத், தாத்தாவின் அக்காள். எலிசபெத்தின் மகள் சோபியாதான் 1701-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆனுக்குப் பின் அரியணைக்கு உரியவர். அப்படியென்றால் இங்கிலாந்தின் அடுத்த வாரிசே பாலட்டைன் குடும்பத்துப் பெண். 1689-இல் எரிந்த நகரங்களின் செய்தி வேறு இன்னும் மறக்கப்படவில்லை. பாலட்டைன் என்று சொன்னாலே கத்தோலிக்கரால் நாசமாக்கப்பட்ட புராட்டஸ்டண்டு என்று பொருள் விளங்கிவிடும்.

விக் கட்சியினருக்கு அந்தப் பொருள் தேவைப்பட்டது. பசிக்காக வந்தவருக்கு வரிப்பணம் ஏன் என்று எதிர்க்கட்சி கேட்கும். நம்பிக்கைக்காகத் துன்பப்பட்டவர் என்றால் கேட்க முடியாது. அப்போது பாலட்டினேட்டை ஆண்டவர் யோகான் வில்ஹெல்ம், கத்தோலிக்கர். ஆகவே குற்றவாளியும் தயாராக இருந்தார். அங்கே சமயப் பூசல்கள் இருந்தது மெய். ஆனால் இந்தப் பயணத்துக்குக் காரணம் சமயக் கொடுமை என்பதை அந்நாட்டுப் புராட்டஸ்டண்டு சபை நிர்வாகமே மறுத்து அறிக்கை விட்டது. நசாவ் பகுதியில் புறப்பட அனுமதி கேட்டவர்களை அதிகாரிகள் விசாரித்தபோது, அவர்கள் வறுமையைச் சொன்னார்கள், ராணியின் புத்தகத்தைச் சொன்னார்கள்.

வந்தவர்களுக்கும் இது சீக்கிரமே புரிந்திருக்க வேண்டும். நசாவ் என்றால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதில்லை, பாலட்டைன் என்றால் ரொட்டி கிடைக்கிறது. பசித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய் என்ன சொல்வாள்? தங்கள் மனுக்களில் அவர்களும் ஏழைப் பாலட்டைன்கள் என்றே கையெழுத்திட்டார்கள். அதை ஏமாற்று என்று எழுதும் வரலாற்றாசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நீட்டப்பட்டது, பிடித்துக்கொண்டார்கள்.

கூடார நகரம்

ராணுவக் கிடங்கிலிருந்து 1,600 கூடாரங்கள் வந்தன. பிளாக்ஹீத், கிரீனிச், கேம்பர்வெல் திடல்கள் நிறைந்தன. சதர்க்கில் சார்லஸ் காக்ஸ் என்ற மதுவடிப்பாளர் தம் கிடங்குகளைத் திறந்துவிட, அதற்குள் 1,400 பேர் வரை அடைந்து கிடந்தார்கள். நாள்தோறும் ஆளுக்குச் சில பென்னி உதவித்தொகை. நாடு முழுவதும் தேவாலயங்களில் திரட்டிய நிதி ஏறத்தாழ 20,000 பவுண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் மக்கள் குடும்பத்தோடு கூடாரங்களைப் பார்க்க வந்தார்கள். அகதிகள் மரத்தில் சிறு பொம்மைகள் செதுக்கி அவர்களிடம் விற்றார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் வருகிறார். அந்தோன் வில்ஹெல்ம் போமே, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் ஜெர்மன் சிற்றாலயப் போதகர். கூடாரங்களுக்குப் போய்ப் பிரசங்கம் செய்து, ஜெர்மன் பக்தி நூல்களைக் கொடுத்து வந்தார். அதே 1709-இல் அவர் மேசைமேல் இன்னொரு கட்டுக் காகிதமும் இருந்தது: தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மன் போதகர் சீகன்பால்கு எழுதிய கடிதங்கள். போமே அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டார். அந்த நூலைப் படித்து நெகிழ்ந்தவர்களின் ஆதரவால்தான் லண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் 1712-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. காலையில் பிளாக்ஹீத், மாலையில் தரங்கம்பாடி என்று ஒரே மனிதர் இரண்டு கரைகளுக்காகவும் பேனா பிடித்திருந்தார். பின்னாளில், ஆராயாமல் அமெரிக்காவுக்குப் புறப்பட வேண்டாம் என்று ஜெர்மன் மக்களை எச்சரித்து 1711-இல் வந்த நூலிலும் அவர் பங்கு உண்டு.

காற்று திரும்பியது

கோடை முடிவதற்குள் இரக்கம் வற்றத் தொடங்கிவிட்டது.

ரொட்டி விலை லண்டனிலும் ஏறியிருந்தது. அந்தக் குளிர் இங்கிலாந்தையும் விட்டுவைக்கவில்லை. குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று உள்ளூர் ஏழைகள் கொதித்தார்கள். கூடாரங்களைத் தாக்கவும் செய்தார்கள். டேனியல் டீஃபோ தம் இதழில் அகதிகளுக்காக வாதாடினார். இவர்களைப் பயிர் செய்யாத அரசுக் காட்டு நிலத்தில் குடியேற்றினால் ஊர்கள் எழும், வரி வரும் என்று திட்டமும் தந்தார். யாரும் கேட்கவில்லை.

கத்தோலிக்கர் இத்தனை பேர் என்று வெளியே தெரிந்தபோது, பெயர் தாங்கியிருந்த கதையே சாய்ந்தது. மதம் மாறுங்கள், இல்லையென்றால் திரும்புங்கள் என்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஹாலந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரைன் கரையில் வீட்டையும் மாட்டையும் விற்றுவிட்டு வந்தவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்புவார்கள்?

மிஞ்சியவர்களைப் பிரித்து அனுப்பத் தொடங்கினார்கள். ஏற்றுக்கொள்ளும் ஊர்ச்சபைகளுக்குத் தலைக்கு 5 பவுண்டு என்று அறிவித்தும் பெரும் பயனில்லை. சில இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் அயர்லாந்துக்குப் போனார்கள். பலர் நிலைக்காமல் திரும்பினாலும், லிமரிக் மாவட்டத்தில் ராத்கீல் ஊரைச் சுற்றித் தங்கியவர்களின் வழிவந்தோர் இன்றும் ஐரிஷ் பாலட்டைன்கள் என்றே அறியப்படுகிறார்கள். சுமார் 600 பேரைக் கொண்ட இன்னொரு குழு வட கரோலினாவுக்குப் புறப்பட்டு, 1710-இல் நியூபெர்ன் நகரை அமைத்தது.

1710 தேர்தலில் எதிர்க்கட்சியான டோரிகள் வென்றார்கள். மறு ஆண்டு நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானதைச் சுட்டி, இவர்களை வரவழைத்தவர்கள் நாட்டின் பகைவர் என்றே தீர்மானித்தது. குடியுரிமைச் சட்டம் 1712-இல் நீக்கப்பட்டது.

பெயர் மட்டும் நீங்கவில்லை. அது ஆங்கிலத்தில் வேர்விட்டுவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டில் அட்லாண்டிக்கைக் கடந்த ஜெர்மானியர் எந்த ஊரிலிருந்து வந்தாலும், பிலடெல்பியா துறைமுகப் பதிவேட்டில் பாலட்டைன் ஆனார்கள். கப்பல்களில் பரவிய நச்சுக் காய்ச்சலுக்கும் பாலட்டைன் காய்ச்சல் என்று பெயர் விழுந்தது. 1738 டிசம்பரில் ரோட் ஐலண்டு கரைக்கு அருகே பிளாக் தீவில் மோதி உடைந்த கப்பலின் பெயர் பிரின்சஸ் அகஸ்டா. அதில் இருந்தவர்கள் பாலட்டைன்கள் என்பதால், உள்ளூர்க் கதைகளில் கப்பலின் பெயரே பாலட்டைன் என்று மாறிவிட்டது.

பத்துக் கப்பல்கள்

லண்டனில் எஞ்சியிருந்தவர்களில் ஏறத்தாழ 3,000 பேரின் விதியைத் தீர்மானித்தது தார்.

மரக்கப்பலின் கயிற்றுக்கும் பலகை இடுக்குக்கும் தாரும் கீலும் இல்லாமல் கடற்படை இயங்காது. இங்கிலாந்து அதைப் பெரும்பாலும் சுவீடனிடம் வாங்கியது. 1703-இல் ஸ்டாக்ஹோம் வணிகர்கள் விலையைத் தங்கள் விருப்பப்படி உயர்த்தவே, அமெரிக்கக் குடியேற்றங்களில் பைன் காடுகள் இருக்கின்றனவே என்ற எண்ணம் வலுத்தது. நியூயார்க்கின் புதிய ஆளுநராக நியமிக்கப்பட்ட ராபர்ட் ஹண்டர் ஒரு திட்டத்தோடு வந்தார். பாலட்டைன்களை ஹட்சன் நதிக்கரைக்குக் கொண்டுபோவோம். அவர்கள் தார் வடித்து அரசுக்குப் பட்ட கடனை அடைக்கட்டும். அடைத்தபின் ஆளுக்கு 40 ஏக்கர்.

ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஜெர்மன் மொழியில் அவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

1709 டிசம்பர் கடைசியில் பத்துக் கப்பல்களில் ஏற்றினார்கள். ஆனால் கப்பல்கள் நகரவில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாதங்கள் கழிந்தன. ஆங்கிலக் கரையோரத்திலேயே, தலை நிமிர்த்த முடியாத அடித்தளத்தில், நாறும் தண்ணீரோடு அடைந்து கிடந்தார்கள். காய்ச்சல் புகுந்தது. குழந்தைகள் முதலில் போனார்கள். 1710 ஏப்ரலில்தான் பாய் விரிந்தது.

பின்னாளில் நியூயார்க் காட்டில் நின்றுகொண்டு அவர்கள் சொன்னது ஒன்றே: இங்கிலாந்தில் எங்களுக்கு வாசித்தது வேறு, இங்கே எங்களுக்குக் காட்டும் தாள் வேறு.

வாசித்தவர் சொற்களை மாற்றினாரா? கேட்டவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சேர்த்துக் கேட்டார்களா? அந்த 40 ஏக்கர் எந்த நதிக்கரையில் இருப்பதாக அவர்கள் நினைத்துக் கப்பலேறினார்கள்?

(தொடரும்)